மூணாவது ஜோடி பல்பு

— ஏங்க, மணி அஞ்சடிச்சிட்டு. அந்த லைட்டையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியளே, கிளம்புற எண்ணம் உண்டா இல்லியா?

— பல்பு வரட்டும்னேன்லாட்டி. உன் தம்பியக் கடைக்கு விரட்டியிருக்கேன். சைக்கிள்ல போனவன் பறந்தா வருவான்?

— பாபநாசம் சவாரி முடிச்சு நீங்க வீடு வந்து முக்கா மணி நேரமாச்சு. வந்ததும் மருமகன் ஆள்கிட்ட குடுத்து விட்ட காகிதத்தக் கையில குடுத்தேன். படிச்சிய. படிச்ச கையோட ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிக்கிட்டு இங்கன வந்து குத்தவச்சிய. பெத்த மகளுக்கு ரத்தம் படுதுன்னு எழுதியிருக்கே, அத வாசிச்சியளா இல்லியா?

— வாசிச்சேன்.

— எட்டு மாசங்க. காலையிலேருந்து வலி வந்து வந்து போகுதாம். ராத்திரிக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்கன்னு ஆரியங்காவு தோட்டத்துக் கம்பவுண்டரு கைய விரிச்சிட்டாராம். தோட்டத்து ஜீப்பு கொல்லத்துக்குப் போயிருக்காம். ரயிலுக்குன்னா அந்தப் பிள்ளைய மூணு மைலு தூக்கிக்கிட்டு எறங்கணும். மருமகன் வேற யார்ட்ட போய் நிப்பாரு?

— மருமகனாம்.

— ஆமா, மருமகன்தான். குற்றாலிங்கம் நம்ம சர்ச்சு இல்ல, நம்ம ஆளுக இல்ல, சரி. நம்மகிட்ட சொல்லாமக் கூட்டிக்கிட்டுப் போனாரு, அதுவும் சரி. ரெண்டு வருசமாச்சு. இன்னைய வர அவளக் கை விடாம வச்சிருக்காரு. இன்னைக்கு அவரே மானத்த விட்டு, 'மாமா கார் கொண்டு வந்தாத்தான் உண்டு'ன்னு எழுதியிருக்காரு.

— ஏட்டி, அந்தப் பேச்சு இப்ப வேண்டாம். இந்த ரப்பர் வளையத்தப் பிடி. மண்ணுல போட்டுறாத.

— பதினெட்டு மைலு. இப்பவே கிளம்புனா வெளிச்சத்தோட ஆரியங்காவு போயிரலாம். பல்பாவது, வளையமாவது.

— போயிரலாம். திரும்பி வரணும்லா? புளியரை மலை எறங்கும்போது நல்ல இருட்டு. மேல சாரலு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பிள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு மங்கல் லைட்டுல எப்படி எறங்க? நல்லா யோசிச்சுப் பாரு.

— மங்கல் எங்கேருந்து வந்துது? போன மாசந்தானே மாத்துனிய? அதுக்கு முந்தி சித்திரையில ஒரு தடவ மாத்துனிய.

— அது ரெண்டும் மட்டப் பல்பு. கடைக்காரன் தலையில கட்டிட்டான்.

— ஆண்டவரே, இந்த மனுசனுக்கு ஒரு வழி காட்டும்.

— அக்கா! தள்ளிக்கோ தள்ளிக்கோ! பிரேக்கு பிடிக்கல!

— மெதுவாலே ஏசுதாசா! பாருங்க, தொப்பலா நனைஞ்சுட்டான். கிடைச்சுதாலே?

— கிடைக்காம வருவனா. கோயில் வாசல்ல ரெண்டு கடை ஏறி எறங்குனேன், இல்லன்னுட்டான். ஸ்டேஷன் ரோட்டுல சைக்கிள் கடைக்கு அடுத்தாப்ல ஒருத்தன் வச்சிருந்தான். கடைசி ஜோடி. இந்தாங்கத்தான்.

— பன்னெண்டு வோல்ட்டுதானலே? ஆறு வோல்ட்ட வாங்கிட்டு வந்திருந்தேன்னா சுவிட்சப் போட்டதும் புஸ்ஸுன்னு போயிரும்.

— அது சரி. ஒம்பது வருசமா லாரி ஓட்டுதவன்ட்ட கேக்கிற கேள்வியா அத்தான் இது? லாண்ட்மாஸ்டர் காருக்குன்னு சொல்லிக் கேட்டுத்தான் வாங்குனேன். ஒரு பல்புக்குள்ள ரெண்டு கம்பி. டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. பெட்டியில எழுதியிருக்கு பாருங்க.

— சரி சரி. இடது லைட்டு ரிம்மக் கழத்திட்டேன். உள்ள மூணு ஸ்க்ரூ இருக்கு, அதத் தளத்தணும்.

— ஐயோ, அதத் தொடாதீங்கத்தான்! அது லைட்டு ரோட்டப் பாக்கணுமா வானத்தப் பாக்கணுமான்னு திருப்பி வைக்கிற ஸ்க்ரூ. கண்ணாடிய அப்படியே உள்ள அமுக்கி இடது பக்கமாத் திருப்புனா மொத்தமா வெளிய வந்துரும். நீங்கதான எனக்கு இத மொதல்ல சொல்லிக் குடுத்தது. மறந்துட்டியளா?

— மறக்கல. கை வழுக்குது. மழ ஈரம்.

— சாய்ப்புக் கூரைக்குக் கீழ எங்க ஈரம்? தள்ளுங்க, நான் பாக்கேன். இந்தா, வந்துட்டு. பொறத்தால இருக்க மூடியத் திருகுனா பழைய பல்பு. உள்ள வெள்ளித்தகடு மாதிரி மின்னுது பாத்தியளா, அதுல விரல் படக் கூடாது. அக்கா, முந்தானையக் குடு, ஓரத்தத் தொடைச்சுக்கிடுதேன்.

— எதையாவது கிழிச்சு எடுத்துக்கோ. சீக்கிரம் முடிலே. பிள்ள அங்கன எப்படிக் கிடக்கோ.

— அத்தான்.

— என்ன?

— இந்தப் பழைய பல்ப ஏன் கழத்தச் சொல்லுதிய? கம்பி ரெண்டும் அறாமத்தான் இருக்கு. கண்ணாடி கருக்கவும் இல்ல.

— பாத்தா அப்படித்தான் இருக்கும். எரியும்போது மங்கும்.

— பேட்டரியில ஒயரு வச்சுப் பாத்துருவோம். பானட்டத் தூக்குங்க. இந்தா... இது டிம்மு. இது பிரைட்டு. யம்மாடி, கண்ணு கூசுது. அக்கா, நீயே பாரு.

— எரியுதே. நல்லா வெள்ளையா எரியுதே.

— பகல் வெளிச்சத்துல வச்சுப் பாத்தா எல்லாந்தான் எரியும்! ரோட்டுல போகும்போது மங்குதுன்னு சொல்லுதேன், நான் பொய்யா சொல்லுதேன்?

— பகல் வெளிச்சமா? ஏங்க, மேகம் மூடி இங்கன இருட்டிக்கிட்டு வருது. என்ன பேசுதிய நீங்க?

— டைனமோவா இருக்கும் அத்தான். இல்லன்னா எர்த்து சரியா இல்லாம இருக்கும்.

— டைனமோவும் பாத்தாச்சு, எர்த்தும் சுரண்டியாச்சு. ஏலே, கேள்வி கேக்காம மாட்டு. புதுசு போட்டாத் தெளிவா இருக்கும். எனக்குத் தெரியும்.

— எனக்கும் தெரியும்ங்க.

— உனக்கு என்னட்டி தெரியும்?

— உங்களுக்கு அவளக் கூட்டிக்கிட்டு வர இஷ்டமில்ல. அதான் விசயம். எரியிற பல்பக் கழத்தி எரியிற பல்ப மாட்டிக்கிட்டு இருக்கிய. இப்படியே ஏழு மணி ஆக்கிருவிய. பொறவு, இனிமே மலையில போக முடியாதுன்னு சொல்லிருவிய. அவ அங்கன ரத்தம் போயிச் செத்தா, லைட்டு சரியில்ல, நான் என்ன செய்யன்னு கைய விரிச்சிருவிய.

— ஏட்டி! வாயக் கழுவு!

— என்னத்தக் கழுவ? அவ போன அன்னைக்குச் சொன்னிய, இனி எனக்கு மகளே கிடையாதுன்னு. சரி, ஆத்திரத்துல சொல்லுதியன்னு இருந்தேன். ரெண்டு வருசத்துல ஒரு நாளு அவளப் பத்தி ஒரு வார்த்த உண்டா? கிறிஸ்மசுக்கு அவளுக்குன்னு ஒரு எல எடுத்து வச்சா தூக்கிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போனிய. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன்.

— அக்கா, விடு. அத்தான், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. வண்டிய நான் எடுக்கேன். என் லாரி ஒர்க்‌ஷாப்புல கிடக்கு, நாளைக்கு மத்தியானம் வர எனக்கு வேலை கிடையாது. நானும் அக்காவும் போயிட்டு வந்துருதோம். நீங்க வீட்டுல இருங்க. உங்களுக்கு மாப்ளகூடப் பேச வேண்டிய சங்கடமும் இல்ல.

— என் வண்டிய யாரும் தொடாண்டாம்.

— நான் யாரோவா அத்தான்?

— செங்கோட்டை திருவனந்தபுரத்த விட்டு இந்தப் பக்கம் சேந்த வருசம் வாங்குன வண்டி. அன்னையிலேருந்து என் கையத் தவிர ஒரு கை ஸ்டீரிங்குல பட்டதில்ல. அதுலயும் நீ மலைப்பாதை ஏறியிருக்கியாலே? திருநெல்வேலி மதுரைன்னு சமதரையில லாரி உருட்டுதவன். புளியரை எஸ் வளைவு எங்க திரும்புதுன்னு உனக்குத் தெரியுமா?

— தெரியாதுதான். பாத்து ஓட்டுனாப் போச்சு.

— பாத்து ஓட்டுதானாம்.

— பாத்தியாலே ஏசுதாசா? தானும் போக மாட்டாவ, போறவனையும் விட மாட்டாவ. இத விட வேற என்ன சாச்சி வேணும்? ஸ்டாண்டுல ஒரு வண்டி இருந்தாக்கூட நான் இங்க நிப்பனா? சீசன்னு எல்லாவனும் அருவிக்கு ஆளு கொண்டு போயிட்டான். நான் செங்கோட்டை பஸ்ஸுல ஏறுதேன். அங்கேருந்து நடந்து போறேன். வழியில ஏதாவது லாரி வரும்.

— ஏட்டி நில்லு.

— நிக்க மாட்டேன்.

— நில்லுட்டி சுகிர்தம். போறேன். நான்தான் போறேன். என் பிள்ளையக் கூட்டிட்டு வரத்தான் போறேன். அஞ்சு நிமிசம் குடு. ஏலே, வலது லைட்டையும் முடி.

— இது முடிஞ்சிட்டு அத்தான். வலதுல பல்பு உக்காந்துட்டு, கண்ணாடியத்தான் திருப்பி மாட்டணும். ஓரத்துல வெட்டு இருக்குலா, அது எங்கன சேருதோ அங்கனதான் சேரும், மாத்திப் போட முடியாது... ஆச்சு. ரிம்மக் குடுங்க.

— எங்க வச்சேன்?

— உங்க காலுகிட்டயே இருக்கு.

— எங்கலே?

— இந்தா, நானே எடுத்துக்கிடுதேன். நீங்க ஏறி உக்காந்து சுவிட்சப் போடுங்க. எதிர்ச் சுவருல பாத்துருவோம். அக்கா, வண்டி முன்னால நிக்காத, தள்ளிக்கோ.

— எரியுதாலே?

— நீங்கதான போடணும்?

— போட்டுட்டேன்லே.

— ஆமா, எரியுது! பளிச்சுன்னு எரியுது அத்தான். இது டிம்மு. கால்ல இருக்க டிப்பர அமுக்குங்க. ஆங்! இதுதான் பிரைட்டு. சுவரத் தாண்டி முருங்கை மரம் வர எல எலையாத் தெரியுது. இத வச்சுக்கிட்டு ஆரியங்காவு என்ன, திருவனந்தபுரமே போகலாம்.

— என்னலே சொல்லுத? மஞ்சளா ரெண்டு பொட்டு மாதிரில்லா இருக்கு.

— எங்க மஞ்சளு?

— சுவருல. ரெண்டு பொட்டு. சுத்தி ஒண்ணுமே இல்ல. இதுவும் மட்டப் பல்புதாம்லே. ஏமாத்திட்டான். கழத்து. பழசையே போடு. இல்ல... இல்ல, கழத்தாத. கண்ணாடிய நல்லாத் தொடைச்சுப் பாரு.

— அத்தான், தொடைச்சாச்சு.

— இன்னொரு தடவ தொடை! உங்க அக்கா எங்க போயிட்டா? ஏட்டி சுகிர்தம்! கோவிச்சுக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டாளா? ஏலே, சைக்கிள எடுத்துட்டுப் போய்ப் பிடிலே. நடந்தே செங்கோட்டை போயிருவா, கிறுக்கி.

— அத்தான்... அக்கா இங்கனதான் நிக்கா.

— எங்கன?

— ஏங்க. நான் எங்கயும் போகல. உங்க வண்டிக்கு முன்னாலதான் நிக்கேன். சுவருகிட்ட. லைட்டு வெளிச்சம் முழுக்க என் மேலதான் இருக்கு.

— வெளையாடாதட்டி.

— கைய ஆட்டுதேன். தெரியுதா?

— ஆட்டு.

— ஆட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன்.

— எந்தப் பக்கம்ட்டி?

— ஏசுதாசா, அந்த லைட்ட அணைலே.

— அணைக்கேன்க்கா. அத்தான், கைய எடுங்க. நான் அணைக்கேன்.

— எத்தன நாளா இப்படி?

— பகல்ல நல்லாத் தெரியும் சுகிர்தம். சத்தியமாச் சொல்லுதேன், பகல்ல ஒரு குறையும் கிடையாது. பொழுது சாஞ்சாத்தான். மொதல்ல ஓரமெல்லாம் மறைஞ்சுது. ஆடு, மாடு, சைக்கிள்காரன் எல்லாம் திடீர்னு முன்னால வந்து குதிக்கிற மாதிரி இருக்கும். இப்பம் நேராவும் சரியில்ல. புகைக்குள்ள பாக்க மாதிரி இருக்கு.

— எத்தன நாளான்னு கேட்டேன்.

— மூணு நாலு வருசம் இருக்கும்.

— மூணு நாலு வருசமா!

— கத்தாதட்டி. ஸ்டாண்டுல தெரிஞ்சா அன்னையோட முடிஞ்சுது. லைசென்சப் பிடுங்கிருவான். எனக்கு வேற என்ன வேலை தெரியும்? பல்பு மாத்துனாச் சரியாப் போயிரும்னு ஒரு நெனப்பு. ஒவ்வொரு தடவையும் புதுசு போட்டதும், ஆ, இப்பத் தெளிவா இருக்கேன்னு ஒரு நாளு ரெண்டு நாளு தோணும். பொறவு...

— போன மாசம் திருநெல்வேலிக்குக் கலியாணத்துக்குப் போனமே. திரும்பி வரும்போது இருட்டிட்டே. என்னையும் எங்க அம்மாவையும் வச்சுக்கிட்டு ஓட்டுனியளே.

— முன்னால போன பஸ்ஸோட செவப்பு லைட்டப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். ஆலங்குளத்துல அந்த பஸ்ஸு நின்னுது. நானும் நின்னேன். டீ குடிக்கணும்னு சொன்னேன்லா.

— ஆண்டவரே. ஆண்டவரே.

— அக்கா, அழ நேரமில்ல. மணி ஆறே காலு.

— அழல. கீழ எறங்குங்க நீங்க.

— சுகிர்தம்...

— எறங்குங்கன்னு சொல்லுதேன். ஏலே, ஏறு. ஏறி உக்காரு. நான் பழைய சேலையும் போர்வையும் எடுத்துக்கிட்டு வாரேன்.

— அத்தான், சாவிய வாங்கிக்கிடட்டா?

— சாவி அங்கனதான் இருக்கு. ஏலே, கிளட்ச்சு கொஞ்சம் மேல பிடிக்கும். ரெண்டாவது கியரு போடும்போது முரண்டும், அமுக்கிப் போடாத, ஒரு மூச்சு விட்டுட்டுப் போடு. நானும் வாரேன்.

— நீங்களுமா?

— எனக்கு ரோடு கண்ணுக்குத் தெரியாதுலே. ஆனா அந்த ரோடு எனக்குத் தெரியும். நீ பாரு, நான் சொல்லுதேன்.

*

— அக்கா, புளியரை செக்போஸ்ட்டு தாண்டியாச்சு. அத்தான், இனி மலைதானே?

— மலைதான். மொதல்ல நீளமா ஒரு ஏத்தம், மூணாவதுல போ. வலது பக்கம் ஒரு வேதக்கோயில் மாதிரி வெள்ளையாக் கட்டடம் வரும், அதத் தாண்டுனதும் ரெண்டாவதுக்கு எறக்கு. எஸ் வளைவு. ஆரன் அடிச்சுக்கிட்டே திரும்பு.

— வெள்ளைக் கட்டடம் வந்துட்டு.

— எறக்கு. மூச்சு விட்டுப் போடு. ஆங். இப்ப இடது. இன்னும் ஒடி, இன்னும் ஒடி... இப்ப வலது. எதுத்தாப்ல வெளிச்சம் வருதா?

— ஒண்ணும் வரல. ஆத்தாடி, பள்ளம் இங்கனயே இருக்கே!

— பள்ளத்தப் பாக்காத, பாறையப் பாரு. தண்ணி சத்தம் கேக்கா? அது ஓடைப்பாலம். பாலத்துல ஒரு வண்டிதான் போகும். லாரி வந்தா நீ நில்லு.

— ஏங்க.

— ம்.

— அவ லெட்டர் போட்டாளாமே. தபால்காரரு போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வச்சுக் கேட்டாரு, மகள்ட்டேருந்து அடிக்கடி லெட்டர் வருதே, நல்லா இருக்காளான்னு. நான் முழிச்சேன். எல்லாத்தையும் ஸ்டாண்டுல வச்சு நீங்கதான் வாங்கிக்கிடுதியளாம்.

— ம்.

— படிச்சியளா? கிழிச்சுப் போட்டியளா?

— கிழிக்கல.

— படிச்சியளா?

— படிச்சேன்.

— படிச்சிட்டு ரெண்டு வருசம் எங்கிட்டேருந்து மறைச்சிட்டிய. பெத்தவகிட்டேருந்து. அவ உயிரோட இருக்காளா, சோறு தின்னாளான்னு நான் ஜெபம் பண்ணிக்கிட்டுக் கிடக்கேன், உங்க பெட்டியில லெட்டர் கிடக்கு. கண்ணு தெரியலங்கிறதக்கூட மன்னிச்சிருவேன். இத எப்படி மன்னிக்க? அவ்வளவு கோவமா உங்களுக்கு?

— ஏலே, வலது வளைவு வருது. பெருசு. மொதல் கியரு போடு.

— பதில் சொல்லுங்க.

— வளைவு வருதுட்டி. பேசாம வா.

— அத்தான், மேல ஏதோ விளக்கு ஆடுது. யாரோ நடுரோட்டுல நிக்காவ.

— நிப்பாட்டு. தோட்டத்து விலக்கு அதுதான்.

— மாப்ளதான் நிக்காரு அக்கா. அரிக்கேன் விளக்கோட. கட்டிலோட தூக்கிட்டு வந்திருக்காவ பாரு, ரோட்டுக்கே.

*

— அம்மா...

— கிருபை! என் ராசாத்தி! வந்துட்டோம்ட்டி. எப்படி இருக்கு? இந்தா, பிடிச்சுக்கோ. போர்வைய இழுத்து மூடு. இப்பவும் ரத்தம் படுதா?

— சாயங்காலத்துலேருந்து நின்னிருக்கும்மா. வலிதான் விட்டு விட்டு வருது. பிள்ள அசையுது, வயித்துல கைய வச்சுப் பாரு.

— ஸ்தோத்திரம். மாப்ள, தலப்பக்கம் நீங்க பிடிங்க. மெதுவா. சீட்டுல நீளமாப் படுக்க வைங்க, நான் மடியில வச்சுக்கிடுதேன்.

— அப்பா வந்திருக்காவளாம்மா?

— இந்தா நிக்கேன் கிருபை. கதவுப் பக்கத்துல. கையக் குடு. எங்க இருக்கு உன் கை?

— இந்தாங்கப்பா. இப்படி நீட்டுங்க. ம்... அம்மா, வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தா?

— நான்தாம்ட்டி. உன் மாமன்.

— மாமாவா! அப்பாடி. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. வலிய விட அந்தப் பயம்தாம்மா சாயங்காலம் பூரா. அப்பாவுக்குக் காகிதம் குடுத்து விட்டேன்னு இவங்க மூணு மணிக்குத்தான் எங்கிட்ட சொன்னாங்க. ஐயோ, பொழுது சாய வண்டிய எடுத்தா மலையில என்ன ஆவாங்களோன்னு நான் அழுத அழுகை, இவங்களுக்கு ஒண்ணுமே புரியல.

— ஏட்டி. உனக்குத் தெரியுமா?

— என்னதும்மா?

— அப்பாவுக்குக் கண்ணு...

— தெரியுமேம்மா. ட்ரெயினிங் ஸ்கூல் லீவுல ரெண்டு சீசன் அப்பாகூட முன்சீட்டுல போனேன்லா. வயசுப்பிள்ளைக்குக் கார்ல என்ன ஊர் சுத்தல்னு நீ ஏசுவியே. ஊர் சுத்தவா போனேன்? அப்பா மாடு, அப்பா சைக்கிளு, அப்பா இடது பக்கம் ஒடிங்கன்னு சொல்லிக்கிட்டே போவேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியாட்டி?

— வேதத்து மேல கைய வச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்கம்மா. அம்மா பயந்து போவா, பொழப்பு போயிரும்னு.

— கிருபை, பேசாமப் படு. மூச்சு வாங்குது உனக்கு. ஏலே ஏசுதாசா, வண்டிய எடு.

— எடுக்காதலே. ஒரு நிமிசம். கிருபை, ரெண்டு வருசமா அப்பாவுக்கு லெட்டர் போட்டியே, என்னம்மா எழுதுன?

— அப்பா உனக்குப் படிச்சுக் காட்டலியாம்மா? அத்தன லெட்டர்லயும் ஒண்ணுதான எழுதுனேன். 'அப்பா, பக்கத்துல நான் இல்ல, பொழுது சாஞ்சா வண்டிய எடுக்காதிய. இன்னைக்காவது அம்மாகிட்ட சொல்லிருங்க'ன்னு.